பார்னாட்டின் விண்மீன்: இல்லாத கோளும் உள்ள கோள்களும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருந்திருக்கும். யான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருபவன். ஆயினும், என் மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கேட்ட கேள்வியொன்றுக்கு விடை கூறவேண்டிய கடன் எனக்கு உண்டு. அக்கேள்வி விண்மீன் ஒன்றைப் பற்றியது. யான் விட்டுவிட்ட ஒரு சொல்லைப் பற்றியதுமாகும். அவன் இப்பொழுது பழைய மாணவனாகிவிட்டபடியால், அவன் கையிற் சேரக்கூடிய இம்மலரே விடை கூறுதற்கு ஏற்ற இடம் எனத் துணிந்தேன். விஞ்ஞானத்துறை ஆசிரியர்கள் என் துணிவைப் பொறுத்தருள்வாராக.

யான் இக்கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பிற் கற்ற காலம் 1990களின் முற்பகுதி. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. மாலை ஏழு மணிக்குமேல் ஊர் முழுவதும் இருள். வானம் மட்டும் ஒளி. அந்நாளில் விண்மீன் பார்ப்பதற்கு எவரும் எமக்குக் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. கல்லூரி நூல்நிலையத்திலே பழைய வானியல் நூலொன்று இருந்தது. அட்டை கிழிந்து, முதற்பக்கங்கள் செல்லரித்துப் போனமையால் அதை எழுதியவர் யாரென்று அன்றும் அறியேன், இன்றும் அறியேன். அந்நூலின் ஒரு பக்கத்தில், பார்னாட்டின் விண்மீன் எனப்படும் அயல் விண்மீனை வியாழனைப் போன்ற பெருங்கோள் ஒன்று சுற்றிவருவது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது என்று எழுதப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவ்வரியைப் படித்த இரவை யான் மறக்கவில்லை. நமது சூரியன் ஒன்றுக்கே உரியவை என்று எண்ணியிருந்த கோள்கள் வேறோரிடத்திலும் உண்டு என்பது பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் சிறிய செய்தியன்று.

அந்த விண்மீன் எங்கே உள்ளது? ஆடி மாதத்தில் இரவு பத்து மணியளவில் முற்றத்தில் நின்று தெற்கு நோக்குவோர்க்கு, தேளின் வடிவினதாகிய விருச்சிகம் எளிதிற் புலப்படும். அதன் நடுவே செம்மையாய் ஒளிர்வது கேட்டை. அதற்கு வடக்கே, பாம்பொன்றைக் கையிற் பற்றி நிற்கும் மனிதனாக மேலைநாட்டார் உருவகித்த விண்மீன் கூட்டம் பரந்து கிடக்கின்றது. அக்கூட்டத்தின் கிழக்குப் பகுதியில், யாழ்ப்பாணத்தில் நிற்போரின் உச்சிக்கு ஐந்து பாகை அளவு தெற்கே, பார்னாட்டின் விண்மீன் அந்நேரத்திற் கடந்து செல்கின்றது. ஆனால் நாம் அதனைக் காணமாட்டோம். நம் வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கிய விண்மீன் தரும் ஒளியில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கையே அது தருகின்றது.

கேட்டை ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ளது. அதனைக் குழந்தையும் காணும். பார்னாட்டின் விண்மீன் வெறும் 5.96 ஒளியாண்டுத் தொலைவில், ஏறக்குறைய 56 இலட்சம் கோடி கிலோமீற்றரில் உள்ளது. அல்பா செந்தோரித் தொகுதியின் மூன்று விண்மீன்களையும் நீக்கினால், சூரியனை விட்டு நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் இதுவே. அண்மையிலிருப்பது கண்ணுக்குத் தெரியாமலும், சேய்மையிலிருப்பது தெரிந்தும் இருத்தற்குக் காரணம் அவற்றின் அளவே. கேட்டை ஓர் அரக்க மீன். இதுவோ விஞ்ஞானிகள் சிவப்புக் குள்ளன் என அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. குள்ளன் என்னும் சொல்லில் ஏளனம் தோய்ந்திருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. செங்குறுமீன் என்று இக்கட்டுரையில் வழங்குவேன்.

பார்னாட்டின் விண்மீனது திணிவு சூரியனின் திணிவில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு. அதன் விட்டம் 2.6 இலட்சம் கிலோமீற்றர் அளவினது. வியாழனைப் போன்ற இரண்டு கோள்களை அருகருகே வைத்தால் அவற்றின் அகலத்திலும் இது சிறியது. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை 5,500 பாகை செல்சியசு. இதனதோ 2,900 பாகை அளவே. ஆதலின் அதன் ஒளி செம்மை பெற்றது. அது வெளிவிடும் முழுச் சக்தியும் சூரியன் வெளிவிடுவதில் முந்நூறில் ஒரு பங்கு அளவினதாகும். அதிலும் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிராகவே செல்கின்றது.

இவ்வாறு சிறுகக் கொடுக்கும் விண்மீன் நெடிது வாழ்வது இயல்பு. சூரியனிலே நடுவிலுள்ள ஐதரசன் மட்டும் எரிபொருளாகின்றது. மேற்புறத்து ஐதரசன் நடுவுக்குச் சென்று சேர்வதில்லை. இத்தகைய சிறு செங்குறுமீனிலோ, உலையில் கொதிக்கும் நீர்போல உட்பொருள் முழுவதும் மேலுங் கீழுமாகப் புரண்டுகொண்டிருப்பதால், உள்ள ஐதரசன் ஏறக்குறைய முற்றும் பயன்படுகின்றது. சூரியனின் வாழ்நாள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. பார்னாட்டின் விண்மீனது வாழ்நாளோ ஓர் இலட்சம் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தாம் என்பதை நினைத்தால், இதுகாறும் எந்தச் செங்குறுமீனும் முதுமையால் இறக்கவில்லை என்பது விளங்கும். வானிலுள்ள விண்மீன்களில் நான்கில் மூன்று பங்கு இவ்வினத்தனவே. நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் வானம், உண்மையில் சிறுபான்மையினரின் வானம்.

இனி, இவ்விண்மீனுக்குப் பெயர் தந்தவரைப் பற்றிச் சிறிது கூறுவேன். எட்வேட் எமேசன் பார்னாட் 1857ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். அவர் பிறக்குமுன்னரே தந்தை இறந்துவிட்டார். வறுமை காரணமாகப் பாடசாலையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மாதங்களே. ஒன்பது வயதளவில் ஒளிப்படக் கூடமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். சூரிய ஒளியைக் கொண்டு படத்தைப் பெருப்பிக்கும் பெரிய கருவியொன்று அங்கிருந்தது. சூரியன் நகர நகர அக்கருவியையும் திருப்பிக்கொண்டிருப்பதே சிறுவனின் வேலை. நாள் முழுவதும் வெயிலிலே நின்று சூரியனைப் பின்தொடர்ந்த அப்பிள்ளை, பின்னர் தன் உழைப்பிற் சேமித்த பணத்தில் 1877இல் ஐந்து அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினான். வால்வெள்ளிகள் பலவற்றைக் கண்டுபிடித்தான். கலிபோர்ணியாவின் லிக் வானோக்கு நிலையத்தில் 1892ஆம் ஆண்டு வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டவர் அவரே. அதன் பின்னர் ஒளிப்படத்தின் துணையின்றிக் கண்ணால் நோக்கி எவரும் புதிய சந்திரனைக் கண்டதில்லை. இரண்டு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தவரைப் பற்றி நம் மாணவர்க்குச் சொல்ல ஒரு காரணமுண்டு. சொன்னால் அவர்கள் பாடசாலைக்கு வாராதிருந்துவிடுவரோ என்ற அச்சமும் உண்டு.

1916ஆம் ஆண்டில் பார்னாட், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் யேர்க்கிசு வானோக்கு நிலையத்தில் எடுத்த ஒளிப்படத் தட்டொன்றை, தாம் 1894இல் எடுத்த தட்டுடன் ஒப்பிட்டார். ஒரு மங்கிய மீன் இடம் பெயர்ந்திருந்தது. ஆண்டொன்றுக்கு 10.3 விகலை அளவு அது நகர்கின்றது என்று கணித்தார். இஃது எவ்வளவு சிறியதெனின், 2.5 சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயமொன்றை அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வைத்து நோக்கினால் எவ்வளவு தோன்றுமோ, அவ்வளவே. ஆயினும் விண்மீன்களுக்கு இது பெரும் ஓட்டம். வானில் இதனினும் விரைந்து இடம் பெயரும் விண்மீன் இன்றுவரை அறியப்படவில்லை. ஏறக்குறைய 180 ஆண்டுகளில் முழுமதியின் அகலத்தை அது கடந்துவிடும். அன்றியும், விநாடிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி அணுகியும் வருகின்றது.

இவ்வாறு ஓடும் மீனின் வழி நேர்கோடாக இருத்தல் வேண்டும். அதனைக் கோளொன்று சுற்றுமாயின் அந்நேர்கோடு சற்று நெளியும். காரணம் எளிது. தந்தையொருவர் தம் சிறு மகனின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றுவதைப் பாருங்கள். பிள்ளை பெரிய வட்டமாகச் சுழல்கின்றான். தந்தையின் பாதங்களும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவையும் ஒரு சிறு வட்டம் இடுகின்றன. இருளில் பிள்ளை தெரியாவிடினும், தந்தையின் அசைவை நோக்கிப் பிள்ளை உண்டு என்று கூறலாம். அவன் எவ்வளவு பாரமானவன் என்றுங்கூடக் கூறலாம்.

இந்த அசைவைத் தேடிப் புறப்பட்டவர் பீற்றர் வன் டி காம்ப் என்னும் ஒல்லாந்தப் பிறப்பினர். பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர்க் கல்லூரியின் ஸ்புரூல் வானோக்கு நிலையத்துக்கு 1937 முதல் 1972 வரை பணிப்பாளராக இருந்தார். இசையிலும் மிக்க ஈடுபாடுடையவர். 1938இல் தொடங்கி, 24 அங்குல வில்லையுடைய தொலைகாட்டியால் இரவிரவாகப் பார்னாட்டின் விண்மீனைப் படம் பிடித்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தட்டுகள் சேர்ந்தன. மாணவரும் உதவியாளருமாகப் பலர் அவற்றை அளந்தனர். கால் நூற்றாண்டு காத்திருந்து 1963இல் தம் முடிவை அறிவித்தார். அவ்விண்மீனை 24 ஆண்டுக்கொருமுறை சுற்றும் கோளொன்று உண்டு. அதன் திணிவு வியாழனைப்போல் 1.6 மடங்கு என்றார். 1969இல் அதனைத் திருத்தி, ஒன்றன்று இரண்டு கோள்கள் உளவாகலாம் என்றார். உலகம் நம்பியது. பாடநூல்களில் ஏறியது. நம் நூல்நிலையத்துப் பழைய நூலிலும் ஏறியது.

அவர் கண்ட அசைவு தட்டிலே எவ்வளவு இருந்தது தெரியுமா? ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. தலைமயிரின் பருமனில் ஐம்பதிலொன்றுக்கும் குறைவு. அவ்வளவு நுண்ணிய அளவைக் கால் நூற்றாண்டு காலம் ஒரே தொலைகாட்டியாற் பார்த்து வந்தார். ஒரே தொலைகாட்டி என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

1973ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. ஜோர்ஜ் கேற்வூட், ஐன்ரிச் ஐக்கோன் என்னும் இருவர் வேறு வானோக்கு நிலையங்களில் எடுக்கப்பட்ட 241 தட்டுகளை ஆராய்ந்து, அங்கே வன் டி காம்ப் கூறிய அசைவைக் காணவில்லை என்றனர். மற்றச் செய்தி ஸ்புரூல் நிலையத்தினுள்ளிருந்தே வந்தது. ஜோன் ஹேர்ஷி என்பார் அதே தொலைகாட்டியால் எடுத்த வேறொரு விண்மீனின் தட்டுகளை அளந்தபோது, அதுவும் பார்னாட்டின் விண்மீனைப் போலவே, அதே ஆண்டுகளில், அதே பாங்கில் அசைந்திருப்பதைக் கண்டார். இரு விண்மீன்கள் ஒத்து ஆடுமா? ஆடியவை விண்மீன்களல்ல. 1949இல் தொலைகாட்டியின் வில்லைக்குப் புதிய இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டது. 1957இல் வில்லை மீண்டும் சரிசெய்யப்பட்டது. அவ்விரு வேளைகளிலும் வானம் முழுவதும் ஒரு மயிரிழை அசைந்ததுபோலத் தட்டுகளிற் பதிந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பிற் கண்ட கோள், தம் கருவியின் சட்டத்திலே சுற்றிக்கொண்டிருந்தது.

அதே 1973இல், பிரித்தானியக் கோளிடைச் சங்கத்தார், பார்னாட்டின் விண்மீனுக்கு ஆளில்லா விண்கலம் ஒன்றை அனுப்புவது இயலுமா என ஆராயத் தொடங்கினர். டேடலஸ் என்பது அத்திட்டத்தின் பெயர். ஒளியின் வேகத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வேகத்தில், ஐம்பது ஆண்டுகளிற் சென்றடையத்தக்க கலத்தை 1978 வரை வரைந்து கணித்தனர். அவ்விண்மீன் தெரிவு செய்யப்பட்டதற்கு அங்கே கோள் உண்டு என்ற நம்பிக்கை ஒரு காரணம். அக்கலம் கட்டப்படவில்லை. கட்டி அனுப்பியிருந்தால் அது தேடிச் சென்ற பெருங்கோளை அங்கே கண்டிருக்காது.

வன் டி காம்ப் தம் பிழையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1949க்கு முந்திய தட்டுகளை நீக்கிவிட்டு மீண்டும் கணித்து, கோள்கள் உண்டு என்றே 1980களிலும் எழுதினார். இதற்காக அவரை இகழ்வோர் உளர். யான் இகழமாட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை, தட்டுகளைத் திருத்தவில்லை, எவரும் சோதித்துப் பார்க்கும்படியே தம் அளவுகளை வெளியிட்டார். ஆனால் தம் கருவியைத் தம் கண்போல நம்பினார். 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இறந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், சூரியனையொத்த விண்மீனொன்றைச் சுற்றும் கோள் முதன்முதலாக உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டதெனச் சுவிற்சர்லாந்து விஞ்ஞானிகளான மிசேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்தனர். ஐந்து மாதம் அவர் வாழ்ந்திருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகின்றது.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்று இடையே வர இடம் தருக. கோள் என்பதற்குக் கொள்ளுதல் என்பது ஒரு பொருள். நம் முன்னோர் நாண்மீன், கோண்மீன் எனப் பகுத்துப் பெயரிட்டனர். அதே கோள் என்னும் சொல்லுக்குப் புறங்கூறல், பொய் என்னும் பொருள்களும் அகராதிகளில் உண்டு. பார்னாட்டின் விண்மீனது வரலாற்றைப் படிக்கும்போது தமிழ் படித்தவன் இதனை நினையாதிருத்தல் அரிது.

என் பிழைக்கு வருகின்றேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. ஸ்பானிய விஞ்ஞானி இக்னாசி ரீபாசும் அவர் குழுவினரும், ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 771 அளவுகளை ஒன்றுசேர்த்து, பார்னாட்டின் விண்மீனை 233 நாளுக்கொருமுறை சுற்றும் கோளொன்றின் அறிகுறி உண்டு என்று நேச்சர் இதழில் எழுதினர். பூமியைப்போல் மூன்று மடங்கு திணிவாயினும் அதற்கு இருக்கும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 170 பாகை. இம்முறை அவர்கள் கையாண்டது வேறு வழி. தட்டில் இடப்பெயர்ச்சியை அளக்கவில்லை. ஒளியின் நிறத்தை அளந்தார்கள்.

புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஓசை கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை யாவரும் அறிவர். ஒளிக்கும் இஃது உண்டு. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலையிலுள்ள கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் சிறிதே நகரும். தட்டாமாலை சுற்றும் தந்தை ஒருகால் நம்மை நோக்கியும் ஒருகால் விலகியும் அசைவாரல்லவா? அதுதான் அளக்கப்படுகின்றது. 2018இற் கூறப்பட்ட கோளினால் விண்மீன் அசையும் வேகம் விநாடிக்கு 1.2 மீற்றர் அளவே. மனிதர் நடக்கும் வேகம்.

செய்தியைப் பத்திரிகையிற் கண்டவுடன் என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பதினான்கு வயதிற் படித்த கோள் மீண்டு வந்ததாகவே எண்ணினேன். மறுநாளே ஒன்பதாம் வகுப்பில் இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு அதைப் பற்றிப் பேசினேன். கல்லூரிச் சுவர்ச் சஞ்சிகையிலும் எழுதினேன். பார்னாட்டின் விண்மீனுக்குக் கோள் உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது என்பது என் முதல் வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகவே இருந்தன.

2021இல், ஜாக் லூபின் முதலானோர் வேறு கருவியொன்றின் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, 233 நாள் என்பது கோளின் ஆண்டன்று என்று காட்டினர். அவ்விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 145 நாள் ஆகின்றது. அதன் முகத்திலுள்ள புள்ளிகள் அச்சுழற்சியுடன் வந்து மறைவதால் நிறமாலைக் கோடுகள் நகர்ந்ததுபோலத் தோன்றும். ஆண்டுதோறும் சூரியன் அப்பக்கமாக வரும் மாதங்களில் அவ்விண்மீனை நோக்க இயலாது. இவ்விடைவெளிகளும் 145 நாட் சுழற்சியும் கலந்து 233 நாள் என்ற போலித் தாளத்தைத் தந்துவிட்டன. சினிமாப் படத்தில் முன்னே ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இவ்வகையினதே. அங்கே படத்துக்குப் படம் இடைவெளி. இங்கே ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி.

பெருந்தொற்றினால் மூடிக்கிடந்த பாடசாலைகள் 2021இன் இறுதியில் மீளத் திறந்தன. அன்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தோர் உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டனர். அவர்கள் முன் சென்று, அந்தக் கோள் இல்லை என்று கூறினேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பின் வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, “சேர், அப்ப நீங்கள் முந்திச் சொன்னது பொய்யோ?” என்றான். குறும்பாகக் கேட்கவில்லை, அறியவே கேட்டான். பொய் அன்று, பிழை என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அந்த விடை எனக்கே நிறைவு தரவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் பிடித்து அகராதியுடன் படித்தேன். அதன் தலைப்பிலேயே, கோள் என்ற சொல்லுக்கு முன்னர் இன்னொரு சொல் இருந்தது. தேர்தலில் நிற்பவரைக் குறிக்கும் வேட்பாளர் என்னும் சொல் அது. கோளாக எண்ணப்படுவதற்கு நிற்பது, இன்னும் தெரிவாகாதது என்பது பொருள். அவ்விஞ்ஞானிகள் அச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தனர். பத்திரிகைச் செய்தி அதனை விட்டுவிட்டது. அடைமொழியின் பயன் யாது என்று ஆண்டுதோறும் வினாத்தாளிற் கேட்கும் யான், மூலத்தைப் பாராமலே அடைமொழியின்றி எழுதிவிட்டேன். எனவே, தம்பி, விஞ்ஞானிகள் சொன்னது பொய்யுமன்று, பெரும் பிழையுமன்று. ஐயத்துடன் சொன்னார்கள், ஐயம் தீர்ந்தபோது விலக்கினார்கள். ஐயத்தை நீக்கிவிட்டு உனக்குச் சொன்னவன் நான். அதற்குப் பொய் என்னும் பெயர் சற்றுக் கடுமையானதுதான். ஆனால் அன்று நான் பிழை என்ற ஒரு சொல்லில் அதனை எளிதாகக் கடந்துவிட்டேன்.

கதை அத்துடன் முடியவில்லை. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கனேரியத் தீவுகளின் வானியல் நிறுவகத்தைச் சேர்ந்த ஹொனாய் கொன்சாலேசு ஏர்னாண்டசும் குழுவினரும், சிலி நாட்டுப் பரனல் மலையிலுள்ள பெருந்தொலைகாட்டியில் எஸ்பிரெசோ என்னும் கருவியைப் பூட்டி ஆராய்ந்ததன் பயனாக, பார்னாட்டின் விண்மீனை 3.15 நாளுக்கொருமுறை சுற்றும் சிறுகோளைக் கண்டதாக அறிவித்தனர். அதன் திணிவு பூமியினதில் பாதிக்கும் குறைவு. விண்மீனிலிருந்து ஏறக்குறைய 34 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிற் சுற்றுகின்றது. நம் புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்பதுடன் ஒப்பிடுக. இக்கோள் தன் விண்மீனை அசைக்கும் வேகம் விநாடிக்கு 55 சென்ரிமீற்றர். தளர்ந்த முதியவரின் நடையிலும் மெதுவான அசைவை, ஆறு ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அளந்துவிட்டார்கள். இன்னும் மூன்று கோள்களின் குறிகளும் தெரிவதாகக் கூறினர். அவற்றுக்கு வேட்பாளர் என்ற அடைமொழியை மறவாது இட்டனர். இம்முறை யானும் அதனை மறக்கவில்லை; சுவர்ச் சஞ்சிகையில் ஒன்றும் எழுதாமற் காத்திருந்தேன்.

ஐந்து மாதங்கள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிக்காகோப் பல்கலைக்கழகத்து றித்விக் பசந்தும் அவர் குழுவினரும் தம் முடிவை வெளியிட்டனர். அவாயித் தீவிலுள்ள ஜெமினி வடதொலைகாட்டியில் மறூன்-எக்ஸ் என்னும் கருவியைக் கொண்டு 112 இரவுகள் நோக்கியிருந்தனர். 3.15 நாட் கோளை அவர்களும் கண்டனர். 4.12 நாளிலும் 2.34 நாளிலும் சுற்றும் இரண்டையும் உறுதி செய்தனர். சிலி நாட்டு அளவுகளையும் தம் அளவுகளையும் சேர்த்தபோது 6.74 நாளிற் சுற்றும் நான்காவதும் வெளிப்பட்டது. அந்நான்காவது கோளின் திணிவு பூமியில் ஐந்திலொரு பங்கு அளவினது. அது விண்மீனை அசைக்கும் வேகம் விநாடிக்கு 22 சென்ரிமீற்றர்தான். 1916இல் பார்னாட் தம் தட்டை எடுத்த நிலையம் எப்பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிருந்ததோ, அதே பல்கலைக்கழகத்திலிருந்து 109 ஆண்டுகளுக்குப் பின்னர் இச்செய்தி வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

1963இல் இல்லாதது 2025இல் இருந்தது எது? கருவியின் நுட்பம் மட்டுமன்று. தென்னரைக் கோளத்தில் ஒரு கருவி, வடவரைக் கோளத்தில் ஒரு கருவி. வெவ்வேறு கைகள் செய்தவை, வெவ்வேறு மனிதர் நோக்கியவை. ஒன்றன் சட்டம் அசைந்தால் மற்றதன் சட்டமும் அதே நாளில் அதே அளவில் அசையாது. இரண்டும் ஒரே கோள்களைச் சொல்லின.

அங்கே உயிர்கள் உளவோ என்று மாணவர் உடனே கேட்பர். நான்கு கோள்களும் நீர் நீராக நிற்கக்கூடிய வலயத்துக்கு உட்புறமாக, விண்மீனுக்கு மிக அண்மையிற் சுற்றுகின்றன. முதலிற் கண்ட கோளின் வெப்பநிலை 125 பாகை செல்சியசு என மதிப்பிடப்பட்டுள்ளது; நீர் கொதித்து ஆவியாகிவிடும். அன்றியும் செங்குறுமீன்கள் அவ்வப்போது தீப்பிழம்பு கக்குவன. முதிய விண்மீனாகிய இதிலும் 1998ஆம் ஆண்டு அத்தகைய கக்கல் ஒன்று காணப்பட்டது. ஆகவே உறவினர் எவரையும் அங்கே எதிர்பார்த்தல் வேண்டா. ஆனால் விழா மலருக்கு ஏற்ற கணக்கொன்று உண்டு. அக்கோளிலே ஓராண்டு 3.15 நாள் ஆகையால், அங்கே பிறந்தவர்க்கு நம் 189 நாளில் மணிவிழா. அங்கே கல்லூரி நிறுவினால் 315 நாளில் நூற்றாண்டு விழா. பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு முழுவதும் நன்கொடை திரட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

நம் நூல்நிலையத்துப் பழைய நூல் 1995இன் இடப்பெயர்வுக்கும் எப்படியோ தப்பி இன்றும் அதே அலுமாரியில் இருக்கின்றது. நூலகரின் அனுமதி பெற்று, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிறு கடதாசித் துண்டொன்றை ஒட்டினேன். அதில் ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்: 1963, 1973, 2018, 2021, 2024, 2025. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்தக் கருவியால், என்ன கண்டார் என்று ஓரிரு சொற்கள். 2018க்கு எதிரே வேட்பாளர் என்ற சொல்லை எழுதிக் கீழே கோடும் இட்டேன். எழுதி முடிந்தபோது கடைசி வரியின் கீழே ஒரு விரல் அகலத்துக்கே வெற்றிடம் எஞ்சியிருந்தது. பசை காயும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நூலகர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “துண்டை இன்னும் கொஞ்சம் பெரிசாய் வெட்டியிருக்கலாமே, சேர்” என்றார்.